அஞ்சத் தெரிந்த காப்டன்

எங்கள் பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில், கீழிருந்து இரண்டாம் தட்டில், அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகங்கள் சில இருக்கின்றன. முன்னாள் மாணவி ஒருவரின் தந்தையார் அன்பளிப்பாகத் தந்தவை. முன்பக்கத்தில் பாய்மரக் கப்பலும் புகையும் வரைந்திருக்கும். அதைக் கண்டதுமே "இது பையன்கள் படிப்பது" என்று எல்லோரும் திரும்ப வைத்துவிடுவோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வந்த நூலக வகுப்பில், நல்ல புத்தகங்களையெல்லாம் ஒன்பதாம் வகுப்பினர் முந்திக்கொண்டு எடுத்துப் போய்விட்டதால், வேறு வழியின்றி நாங்கள் ஐவர் அவற்றுள் ஒன்றை எடுத்தோம். 'மிஸ்டர் மிட்ஷிப்மன் ஹார்ன்புளோயர்' என்று பெயர். எழுதியவர் சி. எஸ். ஃபாரஸ்டர்.

நூலகப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் எங்கள் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐந்து பேருக்கு ஒரு புத்தகமா? சரி. இரண்டு வாரம். இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்குமுன் என் மேசைமேல் இருக்கவேண்டும். வாக்குக் கொடுக்கிறீர்களா?" என்றார். கொடுத்தோம். அந்த வாக்கு எங்களை என்ன பாடு படுத்திற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் ஆசிரியரைப் பற்றி. ஃபாரஸ்டர் ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது எகிப்திலுள்ள கெய்ரோ நகரில், 1899ஆம் ஆண்டு. இயற்பெயர் செசில் லூயிஸ் டிரவுட்டன் ஸ்மித். மருத்துவம் படிக்கச் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே எழுத வந்துவிட்டார். கடற்படையில் அதிகாரியாக இருந்தவர் அல்லர். ஒரு பழைய புத்தகக் கடையில் 'நேவல் கிரானிக்கிள்' என்ற இதழின் தொகுதிகள் சில அவருக்குக் கிடைத்தன. நெப்போலியன் காலத்துக் கடற்படையினர் தங்கள் போர்களையும் புயல்களையும் பற்றி எழுதிய இதழ் அது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கலிபோர்னியாவிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் மத்திய அமெரிக்கக் கரையோரமாகப் பயணம் செய்து, பனாமா கால்வாய் வழியாக இங்கிலாந்து திரும்பினார். கதை அந்தப் பயணத்தில் உருவாயிற்று. 1937இல் 'தி ஹாப்பி ரிட்டர்ன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டு நாவல்களுக்குமாகச் சேர்த்து 1938ஆம் ஆண்டுக்குரிய ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசு கிடைத்தது. 1966இல் அவர் இறந்தபோது பத்து நாவல்கள் முடிந்திருந்தன. பதினொன்றாவது பாதியில் நின்றது.

இந்நாவல்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். எழுதிய வரிசை வேறு, கதையின் வரிசை வேறு. முதலில் எழுதிய நூலில் ஹார்ன்புளோயர் முப்பது வயது கடந்த காப்டன். பதினேழு வயதுப் பையனாக அவன் முதன்முதலில் கப்பலேறும் கதையை ஆசிரியர் 1950இல்தான் எழுதினார். அதாவது, வளர்ந்த மனிதனை முதலில் படைத்துவிட்டு, இவன் சிறுவனாக இருந்தபோது எப்படி இருந்திருப்பான் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். நாங்கள் கதையின் வரிசைப்படியே தொடங்கினோம். அதுவே நல்லது என்று தோன்றுகிறது.

1794 ஜனவரி. போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடுத்த ஸ்பிட்ஹெட்டில் 'ஜஸ்டினியன்' என்ற போர்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. மழையில் நனைந்த, ஒல்லியான, வெட்கப்படும் ஒரு பையன் படகிலிருந்து அதில் ஏறுகிறான். ஏறியதும் வாந்தி எடுக்கிறான். கப்பல் ஓடவில்லை, நங்கூரத்தில்தான் நிற்கிறது! கரையோரமாக நின்ற கப்பலில் மயக்கம் வந்தவன் என்ற கேலிப்பெயர் அவனை விடாமல் தொடர்கிறது. கதாநாயகனை இப்படியா அறிமுகம் செய்வது என்று எங்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு தெரிந்துகொண்டோம், பன்னிரண்டு வயதில் கடற்படையில் சேர்ந்து 1805இல் டிரஃபால்கர் போரில் உயிர்நீத்த நெல்சனுக்கே கப்பல் மயக்கம் வாழ்நாள் முழுவதும் இருந்ததாம். இருவருக்கும் முதற்பெயர் ஹொரேஷியோ என்பதையும் கவனிக்க வேண்டும்.

அக்காலக் கடற்போர் எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் இக்கதைகளின் அருமை விளங்காது. எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் டிரஃபால்கருக்கு ஒரு வரிதான் உண்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கப்பலின் இரு பக்கங்களிலும் வரிசையாகச் சன்னல்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு பீரங்கி. நெல்சனின் 'விக்டரி' கப்பலில் 104 பீரங்கிகள், 800 பேருக்கு மேல் ஆட்கள். பெரிய பீரங்கி ஒன்று ஏறத்தாழ மூன்று டன் எடை. அது வீசும் இரும்புக் குண்டு 32 பவுண்டு, அதாவது பதினான்கரை கிலோ. ஒரு முறை சுட்டதும் பீரங்கி தன் வேகத்தில் பின்னோக்கிப் பாயும். ஈரத் துடைப்பான் கொண்டு உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துணுக்குகளை அணைக்க வேண்டும். பிறகு மருந்துப் பொதி, பிறகு குண்டு, பிறகு அடைப்பு. இவற்றை நீண்ட கோலால் இடித்து இறுக்கி, கயிறுகளைப் பிடித்துப் பீரங்கியை மறுபடி சன்னலுக்கு இழுக்க வேண்டும். நன்கு பழகியவர்கள் இத்தனையையும் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடித்தார்கள். கப்பலின் அடித்தளத்திலிருந்து மருந்துப் பொதிகளைச் சுமந்து மேலும் கீழும் ஓடியவர்களில் பலர் எங்களைவிட வயது குறைந்த சிறுவர்கள். போர் தொடங்குமுன் தளத்தில் மணல் தூவுவார்கள். எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். இரத்தத்தில் கால் வழுக்காமலிருக்க என்று அடுத்த வரியில் இருந்தது. அன்று அதற்குமேல் படிக்கவில்லை.

குண்டு நேராகப் பட்டு இறந்தவர்களைவிட, குண்டு பட்டுச் சிதறிய மரச் சிராய்கள் பாய்ந்து காயமடைந்தவர்கள் மிகுதி. கை கால்களை மயக்க மருந்தின்றியே அறுத்தார்கள். ஈத்தர் மயக்க மருந்து 1846இல்தான் வந்தது. போரில் இறந்தவர்களைவிடக் காய்ச்சலாலும் மற்ற நோய்களாலும் இறந்தவர்கள் பல மடங்கு. இவையெல்லாம் ஃபாரஸ்டரின் நூல்களில் மறைக்கப்படவில்லை. வெற்றி கிடைத்த பக்கத்திலேயே சாக்கில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கப்படும் உடல்களும் வருகின்றன.

எங்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அரிசிக் கப்பலைப் பற்றியது. ஆங்கிலேயர்கள் கைப்பற்றிய 'மாரி கலான்ட்' என்ற பிரெஞ்சுக் கப்பலை இங்கிலாந்துக்கு ஓட்டிச் செல்லும் பொறுப்பு, நான்கே மாலுமிகளுடன், ஹார்ன்புளோயருக்குத் தரப்படுகிறது. முதல் தனிப் பொறுப்பு. சரக்கு முழுவதும் அரிசி. பிடிக்கும்போது பட்ட ஒரு குண்டு நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட்டிருக்கிறது. அவன் அதைப் பார்க்கவில்லை. கப்பலின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கோல் விட்டுப் பார்க்கிறார்கள். கோல் உலர்ந்தே வருகிறது. எல்லாம் நலம் என்று நினைக்கிறான்.

இந்த இடத்தில் எங்களில் ஒருத்தி புத்தகத்தை மூடி, "ஐயோ, அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது!" என்று கத்திவிட்டாள். உண்மை அதுதான். புகுந்த தண்ணீரையெல்லாம் அரிசி குடித்துவிட்டது. பிறகு என்ன? இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி பாத்திரத்தில் எப்படிப் பொங்கி எழும்பும் என்பதை நம் வீடுகளில் அறியாதவர் யார்? கப்பல் நிறைய அரிசி ஊறினால்? பலகைகள் பிதுங்குகின்றன, தளம் மேலெழும்புகிறது, பொருத்துகள் விட்டுப் போகின்றன. துளையைப் பாயால் மூடியும், அரிசியைக் கடலில் கொட்டியும் பயனில்லை. கப்பல் முழுகிவிடுகிறது. பதினேழு பதினெட்டு வயதில் ஒரு கப்பலை இழந்தவன் படகில் உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், 'நான் பார்த்திருக்க வேண்டும்' என்று தன்னையே நொந்துகொள்கிறான். அந்நிலையிலும், கைதிகளாக உடன்வந்த பிரெஞ்சுக்காரர்கள் படகைத் தங்கள் நாட்டுக்குத் திருப்பச் சொல்லும்போது விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய கடற்படையில் அரிசி ஊறும் என்று சொல்ல ஒரு சமையற்காரராவது உடன் வரவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம்.

இனி எங்கள் சண்டைக்கு வருகிறோம். ஹார்ன்புளோயர் வீரனா, வேடதாரியா? ஐவரில் இருவர் வேடதாரி என்றே சாதித்தார்கள். காரணம் இருக்கிறது. காப்டனான பிறகு அவனைப் பார்க்கும் மாலுமிகள், இவன் இரும்பால் ஆனவன், எதற்கும் கலங்காதவன் என்று நம்புகிறார்கள். உள்ளேயோ அவனுக்கு ஒவ்வொரு போரிலும் பயம். பயம் தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். வாயைத் திறந்தால் உளறிவிடுவோம் என்று எதற்கும் தொண்டையைக் கனைத்து "ஹா... ஹும்" என்பான். (வகுப்பில் பதில் தெரியாதபோது இதைச் செய்து பார்த்தோம். பயன் தரவில்லை.) சங்கீதம் அவனுக்குக் காதில் விழும் இரைச்சல்தான். தன் தோற்றத்தைப் பற்றி வெட்கம், ஏழையாயிருப்பதைப் பற்றி வெட்கம். மற்றவர் புகழும்போதெல்லாம், 'இவர்களுக்கு உண்மை தெரியாது' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறான். ஒன்றாக உணர்ந்து வேறாக நடிப்பவன் வேடதாரி அல்லாமல் வேறென்ன என்று அவ்விருவரும் கேட்டார்கள்.

மற்ற மூவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டோம். அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "நீங்கள் இரவு படுக்குமுன் ஆன்ம சோதனை செய்கிறீர்கள் அல்லவா? அவனும் செய்கிறான், நாள் முழுவதும் செய்கிறான். ஆனால் அவனுக்கு மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை, பெற்றுக்கொள்ளவும் தெரியவில்லை. அதனால் கணக்கு முடிவதே இல்லை" என்றார். பிறகு வேறு வேலையாகப் போய்விட்டார். அதன்பின் அவன் தன்னைத் திட்டிக்கொள்ளும் பக்கங்கள் எங்களுக்கு வேறுமாதிரித் தெரிந்தன. வேடதாரி தன் நலத்துக்காக நடிப்பான். இவன் பயத்தை மறைப்பது, தன்னைப் பார்த்து நிற்கும் முந்நூறு பேர் பயந்துவிடக்கூடாது என்பதற்காக. எனினும் எங்களில் ஒருத்தி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிடுகிறோம்.

'தி ஹாப்பி ரிட்டர்ன்' நாவலையும் பிறகு படித்தோம். அதில் வரும் சிக்கல் இக்காலத்தில் ஏற்படவே முடியாதது. 1808ஆம் ஆண்டு. 'லிடியா' என்ற 36 பீரங்கிக் கப்பல் ஏழு மாதமாகக் கரையையே காணாமல் பசிபிக் கடலுக்கு வந்து சேர்கிறது. ஸ்பெயினை எதிர்த்துக் கலகம் செய்யும் ஒருவனுக்கு உதவ வேண்டும் என்பது கட்டளை. அவனோ தன்னைக் கடவுளாக எண்ணும் பைத்தியக்காரன். ஹார்ன்புளோயர் 50 பீரங்கிகள் கொண்ட ஸ்பானியக் கப்பலைத் தந்திரமாகப் பிடித்து, கட்டளைப்படி அவனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைத்த பிறகு செய்தி வருகிறது. ஸ்பெயின் இப்போது இங்கிலாந்தின் நட்பு நாடாம்! தந்தியும் வானொலியும் இல்லாத காலம். ஐரோப்பாவில் மாறிப்போன உலகம் இங்கே எட்டப் பல மாதம். தானே பிடித்துக் கொடுத்த கப்பலைத் தானே மறுபடி எதிர்த்துப் போரிட்டு அழிக்க வேண்டும். தன்னைவிடப் பெரிய கப்பல். அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர்களை அவன் எண்ணிப் பார்க்கும் இடம் மனத்தைப் பிழிகிறது. அக்கப்பலில் முறையான மருத்துவர் இல்லை. பயணியாக ஏறிய லேடி பார்பரா என்ற உயர்குலப் பெண்மணி கீழ்த்தளத்துக்கு இறங்கி, இரத்தத்துக்கும் நாற்றத்துக்கும் நடுவில் காயம்பட்டவர்களைப் பேணுகிறாள். இந்நூல்களில் பெண்கள் மிகக் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் கரையில் காத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பக்கங்களை நாங்கள் இரண்டு முறை படித்தோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இங்கிலாந்தின் பிரதமர் சர்ச்சில் அமெரிக்க அதிபரைச் சந்திக்கக் கப்பலில் போகும் வழியில் இக்கதைகளைப் படித்தார். தமக்கு அவற்றைச் சிபாரிசு செய்த அமைச்சருக்கு, ஹார்ன்புளோயர் மிக நன்று என்று செய்தி அனுப்பினார். அமைச்சர் அப்போது கெய்ரோவில். செய்தியைப் பார்த்த படை அதிகாரிகள், இது ஏதோ இரகசியத் திட்டத்தின் பெயர், நமக்கு மட்டும் சொல்லவில்லை என்று கலங்கிவிட்டார்களாம். இதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

எல்லாம் இங்கிலாந்துக் கதையாயிற்றே என்று நினைக்க வேண்டாம். சிறுவன் ஹார்ன்புளோயரைத் தன் கப்பலில் சேர்த்துக்கொள்ளும் காப்டன் பெல்யூ கற்பனைப் பாத்திரம் அல்லர், உண்மையில் வாழ்ந்தவர். அவருடைய 'இன்டிஃபாட்டிகபிள்' கப்பலும் உண்மையானதே. அதே எட்வர்டு பெல்யூ பின்னர் கீழ்த்திசைக் கடற்படைத் தலைவராகி, 1809 வரை சென்னையைத் தளமாகக் கொண்டிருந்தார். அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் நம் கடற்கரை மக்கள். எத்தனையோ கடல்களை வென்ற தளபதிகள் சென்னைக் கரையில் கால் வைக்க அவர்கள் கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இன்னொரு தொடர்பு 1953இல் வந்த 'ஹார்ன்புளோயர் அண்டு தி அட்ரோபாஸ்' நாவலில். துருக்கி நாட்டு மர்மாரிஸ் குடாவில், படையின் சம்பளத்துக்கான பொன் வெள்ளி நாணயங்களோடு முழுகிப்போன ஒரு கப்பல். அதை மீட்க அழைத்து வருகிறவர்கள் இலங்கையின் முத்துக்குளிப்போர்! அவர்கள் மூச்சடக்கி இறங்கி, வெடிமருந்தைக் கடலடிக்குக் கொண்டுபோய் வைத்துக் கப்பலைப் பிளக்கிறார்கள். அந்நாளில் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுள் தூத்துக்குடி, கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து சென்ற பரதவரும் முஸ்லிம்களும் பலர். எங்களில் ஒருத்தியின் பாட்டனார் சங்கு குளித்தவர். அவள் சொன்னாள்: "மேலே படகில் கயிறு பிடிப்பவர் மச்சானாக இருந்தால்தான் தாத்தா இறங்குவாராம். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டார் என்று." இத்தனை ஆபத்தான வேலையைச் செய்யும் அம்மனிதர்கள் நாவலில் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கதை முழுவதும் ஹார்ன்புளோயரின் கண்ணால் மட்டுமே சொல்லப்படுகிறது. அவனுக்கு அவர்கள் மொழி தெரியாது. ஃபாரஸ்டரிடம் எங்களுக்குள்ள பெரிய குறை இதுவே.

கடைசியாக அந்த வெள்ளிக்கிழமை. முதல் நூலின் இறுதி அத்தியாயத்தில் ஹார்ன்புளோயர் ஸ்பெயினில் ஃபெரோல் என்னும் ஊரில் போர்க்கைதி. தப்பி ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால், நாள்தோறும் சிறிது நேரம் வெளியே உலாவ அனுமதி. ஒரு நாள் பெரும் புயலில் ஸ்பானியக் கப்பல் ஒன்று பாறைகளில் மோதி உடைவதைப் பார்க்கிறான். எதிரியின் கப்பல்தான். ஆயினும், மீன்பிடிப் படகில் தானே முன்வந்து ஏறிப்போய், உயிரோடு எஞ்சியவர்களைக் காப்பாற்றுகிறான். அலைகளால் கரைக்குத் திரும்ப முடியவில்லை. இரவெல்லாம் கடலில் தத்தளித்த படகை மறுநாள் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பல் கண்டு ஏற்றிக்கொள்கிறது. விடுதலை! சொந்த நாட்டுக் கப்பல், சொந்த மொழி, சூடான உணவு. அப்போது அவனுக்குத் தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வருகிறது.

சரியாக இந்த இடத்தில், வெள்ளி மாலை நாலேகால் மணிக்கு, வேப்பமரத்தடியில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். மணி அடிக்க ஐந்து நிமிடம். மிச்சம் சில பக்கங்கள்தாம். சிஸ்டர் அன்று மதியமே மறைமாவட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார். புத்தகம் மேசையில் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. "திங்கள் காலையில் முதல் ஆளாக வந்து வைத்துவிடலாம்" என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று எழுதப்போவதில்லை. நாங்கள் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புத்தகத்தில் அவன் என்ன செய்யப்போகிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. அவன் திரும்பிப் போகமாட்டான் என்று தெரிந்தால்கூட நன்றாக இருக்கும், நாமும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

மணி அடிக்கும்போது நூலகத்துக்கு ஓடினோம். ஆயா பூட்டிக்கொண்டிருந்தார். "சிஸ்டர்தான் இல்லையே, திங்கட்கிழமை கொடுங்களேன், பிள்ளைகளா" என்றார். கெஞ்சித் திறக்க வைத்து, மேசைமேல் வைத்துவிட்டு வந்தோம். அந்தச் சனியும் ஞாயிறும் எங்களில் ஒருவருக்கும் வீட்டுப் பாடம் ஓடவில்லை.

திங்களன்று புத்தகத்தை மறுபடி எங்கள் பெயரில் பதிந்து வாங்கினோம். ஹார்ன்புளோயர் கப்பல் தலைவரிடம் போய், தான் வாக்குக் கொடுத்தவன் என்பதைத் தெரிவிக்கிறான். சமாதானக் கொடியுடன் அவனைக் கரைக்கே அனுப்பிவைக்கிறார்கள். மறுபடி அதே சிறை. அங்கே அவன் மாதக்கணக்கில் இருக்கிறான். உயிரைப் பணயம் வைத்துத் தங்கள் மக்களைக் காத்ததற்காக ஸ்பானிய அரசே அவனை விடுவிக்கும் செய்தி கடைசிப் பக்கங்களில்தான் வருகிறது. திரும்பிப் போகும்போது அது அவனுக்குத் தெரியாது.

'எ ஷிப் ஆஃப் தி லைன்' இப்போது எங்களிடம் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பினர் அதுவரை பொறுத்திருக்கவும்.